உள்ளான் காலில் ஒரு மோதிரம்

 

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் உள்ளான் ஆணம் உண்டதுண்டா? சோழமண்டலக் கடலோரத்து ஊர் ஒன்றில் பிறந்தவராயின் பெரும்பாலும் உண்டிருப்பீர்கள். உண்ணாவிட்டாலும் அதன் மணத்தையேனும் அறிந்திருப்பீர்கள். நான் உண்டிருக்கிறேன். விரும்பி உண்டிருக்கிறேன். அதனை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது என்பதால், முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன்.

1982ஆம் ஆண்டு மழைக்காலம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு ஒருவர் சைக்கிளில் வருவார். கைப்பிடியின் இருபுறமும் உயிருள்ள உள்ளான்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சிறகுகளை முறுக்கிக் கால்களை நாரால் கட்டியிருப்பார். அவர் குரல் கேட்டதும் எங்கள் உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றபடி விலை பேசுவார்கள். வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க, நான் கால்களைப் பிடித்துக்கொள்வேன். தேங்காய்ப்பால் ஊற்றி உம்மா காய்ச்சும் ஆணத்துக்கும் இடியாப்பத்துக்கும் இஷாத் தொழுகை முடிந்து எப்போது வீடு திரும்புவோம் என்று காத்திருப்போம்.

அப்படி ஒரு நாள் நான் கால்களைப் பிடித்தபோது, ஒன்றின் காலில் விரலுக்கு ஏதோ உறுத்தியது. வெள்ளை உலோகத்தாலான சின்னஞ்சிறு வளையம் ஒன்று அதன் மெல்லிய காலில் இருந்தது. அதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்ததில் "பம்பாய்" என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கிற்று. வாப்பா அதைக் கழற்றித் தந்தார்கள். "என் மகனுக்குக் குருவி பம்பாயிலேருந்து மோதிரம் கொண்டாந்திருக்கு!" என்று உம்மா சிரித்தார்கள். ஒரு நூலில் கோத்து ஒரு வாரம் கழுத்தில் போட்டிருந்தேன். பின்னர் உம்மா அதை வாங்கித் தம் வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டுவைத்தார்கள். நானும் மறந்துபோனேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் உம்மா வஃபாத்தானார்கள். அவர்களுடைய பொருள்களைப் பிள்ளைகள் நாங்கள் பிரித்துக்கொண்டபோது, அந்த வெற்றிலைப் பெட்டியை நான் கேட்டு வாங்கினேன். அதன் அடித்தட்டில், உடைந்த பாக்குவெட்டிக்கும் சில பழைய காசுகளுக்கும் நடுவே, அந்த வளையம் கிடந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக உம்மா அதனை எறியாமல் வைத்திருந்திருக்கிறார்கள்!

எங்கள் ஊர்ப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தோளில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையிலும் கழிமுகத்திலும் அலைபவர். அவரை நான் "சார்" என்பேன். அவர் என்னை "பாய்" என்பார். இருபதாண்டு நட்பில் இந்த இரு சொற்களும் மாறவில்லை. வளையத்தை அவரிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்கே கிடைத்தது, பாய்?"

உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "உம்மாவின் பெட்டியில் இருந்தது" என்றேன். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "கோடியக்கரைக்கு ஒரு நாள் என்னோடு வாருங்கள். இந்த வளையத்தைப் பற்றி அங்கே வைத்துச் சொல்கிறேன்" என்றார்.

நோன்புப் பெருநாள் கழிந்த பத்தாம் நாள் புறப்பட்டோம். சுபுஹு தொழுதுவிட்டு நான் பேருந்து நிலையத்துக்குச் சென்றபோது, அவர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும், தம் பையிலிருந்து மண்நிறத்தில் ஒரு பழைய சட்டையை எடுத்து நீட்டினார். "வெள்ளை வெகுதூரம் தெரியும். பறவை நம்மை முதலில் பார்த்துவிட்டால், நாம் அதைப் பார்க்க முடியாது" என்றார்.

வேதாரண்யத்தில் இறங்கி, நாள் வாடகைக்கு ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டோம். 1930ஆம் ஆண்டில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்த தொண்டர்கள் தடையை மீறி உப்பெடுத்த மண் அது. இன்றும் அகத்தியம்பள்ளியின் உப்பளங்களில் வெள்ளை மேடுகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. காலை ஏழரை மணிக்கே அவற்றின் ஒளி கண்ணைக் கூசச் செய்தது. பங்குனி வெயிலில், காலில் உப்பு அரிக்க, தலைச்சுமையோடு வரப்பில் நடக்கும் பெண்களைக் கண்டபோது, நம் வீட்டுச் சட்டியில் விழும் ஒரு சிட்டிகை உப்பின் விலை என்னவென்று எண்ணிக்கொண்டேன்.

கோடியக்காட்டுச் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்று உள்ளே சென்றோம். வெளிமான்களைக் காப்பதற்காக 1967ஆம் ஆண்டில் இந்தக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில், உலகளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் இப்பகுதி இடம்பெற்றது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2018 நவம்பரில் வீசிய கஜா புயலையும் தாங்கிய கரை இது. கஜாவில் முறிந்த மரங்களின் அடிக்கட்டைகளை நண்பர் ஆங்காங்கே காட்டிக்கொண்டே வந்தார். அவற்றின் ஓரங்களில் புதுத் தளிர்கள் கிளைத்திருந்தன.

காட்டுப் பாதையில் சற்று நடந்ததும் நண்பர் கையை உயர்த்தினார். நின்றேன். பத்தடி தூரத்தில், மண்ணை அலகால் குத்திக்கொண்டிருந்தது ஒரு பறவை. உடல் வெளிர்ச் செம்மண் நிறம். சிறகில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். தலையில் மடித்துவைத்த விசிறிபோல ஒரு கொண்டை.

"கொண்டலாத்தி" என்று மெல்லிய குரலில் சொன்னார் நண்பர்.

எனக்கு உடல் சிலிர்த்தது. வாசகர்களே! கொண்டலாத்தி என்றால் யார் தெரியுமா? நம் பிள்ளைகள் மதரஸாவில் கதை கதையாகக் கேட்கும் ஹுத்ஹுத் பறவைதான் அது! சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டு அரசியின் செய்தியைக் கொண்டுவந்த பறவை. பின் அவர்களுடைய கடிதத்தைச் சுமந்துசென்ற பறவை. திருக்குர்ஆனின் அந்நம்லு அத்தியாயத்தில் இந்த வரலாறு வருகிறது. ஹுத்ஹுத் அணியில் இல்லாதது கண்டு சினந்த அந்த மாமன்னர், அது வந்து சேர்ந்ததும் அதன் செய்தியைக் கேட்டார்கள். ஒரு சிறு பறவை சொல்வதையும் கேட்டு, அதன்பின் முடிவெடுத்தார்கள். எத்தனையோ முறை ஓதிக் கேட்ட வரலாறுதான். ஆயினும் அப்பறவையை நேருக்கு நேர் கண்ட அன்றுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காட்டைக் கடந்து சேற்று வெளிக்கு வந்தோம். கண்ணுக்கு எட்டிய வரையில் ஆழமில்லாத நீரும், நீர் வற்றிய இடங்களில் உப்புப் பூத்த சேறும் பரந்து கிடந்தன. தொலைவில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. தொலைநோக்கியை வைத்துப் பார்த்தால், அத்தனையும் பூநாரைகள்! நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, அரித்துத் தின்றுகொண்டிருந்தன. வெயில் ஏறியபோது கானல் எழுந்தது. பூநாரைகளின் கால்கள் அந்தக் கானலில் கரைந்துபோக, உடல்கள் மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தோன்றின.

"எல்லோரும் பூநாரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாம் பார்க்க வந்தது வேறு. கீழே பாருங்கள், பாய்" என்றார் நண்பர்.

பார்த்தேன். எதிரே இருந்த சேறு அசைந்தது. சேறு அன்று, சேற்றின் நிறத்தில் நூற்றுக்கணக்கான சிறு பறவைகள்! ஓடுவதும், நின்று குத்துவதும், மீண்டும் ஓடுவதுமாக ஒரு கணமும் ஓய்வில்லை. உள்ளான்கள்! என் வாழ்நாளில் நான் உள்ளான்களைக் கட்டின்றிக் கண்டது அதுதான் முதல் தடவை.

நண்பர் எண்ணும் முறையைக் கற்றுத்தந்தார். முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறதென்று கண்ணால் அளந்துகொள்ள வேண்டும். பிறகு அந்த அளவை வைத்து, கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாக அளந்துபோக வேண்டும். நான் எண்ணி முடித்து "நானூறு இருக்கும்" என்றேன். அவர் தம் குறிப்பேட்டில் அறுநூறு என்று எழுதியிருந்தார். "புதியவர்கள் எப்போதும் குறைத்தே எண்ணுவார்கள்" என்று சிரித்தார்.

அவற்றுள் மிகச் சிறியது கொசு உள்ளான். அதன் எடை இருபத்தைந்து கிராம் அளவுதான். ஒரு கோழிமுட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி! அலகின் நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்திருப்பது வளைமூக்கு உள்ளான். சிலவற்றின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறத் தொடங்கியிருந்தது.

"அது என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"கல்யாண உடுப்பு" என்றார் நண்பர். "ஊருக்குப் போகத் தயாராகின்றன."

"எந்த ஊருக்கு?"

"சைபீரியாவின் வடகோடிக்கு."

வாசகர்களே! நம் உள்ளானுக்கு இப்படியோர் ஊர் இருப்பது எனக்குத் தெரியாது. நம் குளத்திலும் வயலிலும் பிறந்து வளரும் ஏதோ ஒரு குருவி என்றே அதுவரை எண்ணியிருந்தேன். வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய மரங்களற்ற பனிவெளியில். கோடைகாலத்தில் அங்கே கதிரவன் மறைவதில்லை, இரவே கிடையாது. பூச்சிகள் பெருகிக் கிடக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட வேண்டும். பிறகு நிலமும் நீரும் உறைந்துவிடும். ஆகவே தெற்கே பறந்து வருகின்றன. அந்தப் பனிவெளிக்கும் கோடியக்கரைக்கும் இடையே, நேர்க்கோட்டில் அளந்தாலே, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம் உண்டு.

நண்பர் சொன்ன இன்னொரு செய்தி என்னை வாயடைக்கச் செய்தது. தாய் தந்தைப் பறவைகள் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வருவதில்லை. பெரியவை முதலிலேயே புறப்பட்டுவிடுகின்றன. பிறந்து சில வாரங்களே ஆன இளம்பறவைகள், பின்னர் தாமாகவே கிளம்புகின்றன. முன்பின் கண்டிராத வழியில் கண்டங்களைக் கடந்து, முன்பின் கண்டிராத கரைக்கு வந்து சேர்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டியது யார்? வானவெளியில் அவற்றைத் தாங்கி நிற்பவன் யார்? விடையை நம் இல்லத்துச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பிள்ளையின் தட்டில் நாம் எதனைப் பரிமாறினோம்?

பகல் பன்னிரண்டரை ஆயிற்று. சேற்று வெளியில் நிற்க முடியவில்லை. நெற்றியில் வழிந்த வேர்வை உலர்ந்து உப்பாயிற்று. காற்றும் அனலாய்ச் சுட்டது. காட்டோரத்து மரநிழலுக்கு வந்தோம். பாட்டில் தண்ணீரில் ஒளுச் செய்து, துண்டை விரித்து லுஹர் தொழுதேன். நான் ஸலாம் கொடுத்துத் திரும்பும் வரை, நண்பர் குரங்குகள் பையை இழுத்துவிடாமல் காவலிருந்தார். பிறகு அவர் கொண்டுவந்த புளிச்சோற்றையும் என் வீட்டிலிருந்து கட்டித் தந்த தேங்காய்ச் சோற்றையும் பகிர்ந்து உண்டோம்.

உண்டபின் நண்பர், "வளையத்தை எடுங்கள்" என்றார். உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கவும் என்பதே அதில் இருந்த ஆங்கில வாசகத்தின் பொருள். உடன் ஓர் எண்.

1883ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம், கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளை வலையில் பிடித்து, எடை பார்த்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிட்டு வந்திருக்கிறது. அந்தப் பறவை பின்னர் வேறெங்கேனும் அகப்பட்டால், கண்டவர் எண்ணைத் தெரிவிப்பார். அந்த ஓர் எண்ணைக் கொண்டு, அது எங்கிருந்து எங்கே சென்றது, எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதை அறிந்துகொள்வார்கள். அந்தப் பணியை வளர்த்தவர் யார் தெரியுமா? நம் சமுதாயத்தில் பிறந்த டாக்டர் சாலிம் அலி அவர்கள்தாம்!

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்து, மிகச் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தவர் அவர். ஏறத்தாழப் பத்து வயதில், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கக் கண்டு, "இது என்ன பறவை?" என்று மாமனிடம் கேட்டார். மாமனுக்குத் தெரியவில்லை. ஒரு கடிதம் கொடுத்து, பையனை அந்தச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர், அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் சிறுவனுக்குத் திறந்து காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் 1987ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை ஓயவில்லை. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்று நூலுக்கும், அந்தச் சிட்டின் வீழ்ச்சியை நினைவூட்டும் பெயரையே வைத்தார்.

நண்பர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மனம் வேறோரிடத்தில் இருந்தது. அவரும் சிறுவர், நானும் சிறுவன். அவர் கையிலும் செத்த பறவை. என் கையிலும் செத்த பறவை. அவர் "இது என்ன?" என்று கேட்டார். நானோ நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"சார், உங்களிடம் நான் முழுவதும் சொல்லவில்லை" என்று தொடங்கி, 1982ஆம் ஆண்டின் அந்த மாலைப்பொழுதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கழுத்தில் போட்டிருந்தபோது இதை மண்ணிலோ கல்லிலோ தேய்த்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"இந்தக் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். மழுங்கிப் போயிருக்கின்றன. உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் பல ஆண்டுகள் உராய்ந்தால்தான் அலுமினியம் இப்படித் தேயும். உங்கள் வீட்டுக்கு வந்தது இளங்குஞ்சு அன்று, பாய். வளையம் பூண்ட பின்னும் பலமுறை போய்த் திரும்பிய பறவையாக அது இருந்திருக்க வேண்டும்."

நான் பேச்சற்றுப் போனேன். ஒவ்வோர் ஆண்டும் பனிவெளிக்குச் சென்று, ஒவ்வோர் ஆண்டும் நம்மை நாடித் திரும்பிய ஓர் உயிர்! புயலுக்குத் தப்பியது, கழுகுக்குத் தப்பியது, எங்கள் தெருவுக்குத் தப்பவில்லை. அதன் காலில் ஒரு கடிதம் இருந்தது. ஹுத்ஹுத் கொண்டுவந்த செய்தியைச் சுலைமான் நபி (அலை) அவர்கள் கேட்டார்கள். நாங்களோ செய்தி கொண்டுவந்ததைச் சமைத்து உண்டோம்; கடிதத்தை வெற்றிலைப் பெட்டியில் போட்டோம்.

எங்கள் உம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அறிந்து செய்ததன்று. அறியாமல் நடந்ததை மன்னிக்க இறைவன் போதுமானவன். ஆனால் நான் இப்போது அறிந்துகொண்டேன். அறிந்தவனுடைய கணக்கு வேறல்லவா?

அஸருக்குப் பின் வேதாரண்யம் திரும்பி, சாலையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அப்போது மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தனர். அவர் யாரிடமும் போகவில்லை. என் தொப்பியைப் பார்த்து நேரே என்னிடம் வந்தார். குனிந்து, "பாய், உள்ளான் இருக்கு. உசிரோட பன்னெண்டு. வேணுமா?" என்று கேட்டார்.

சாக்குப் பைக்குள் ஏதோ துடித்தது. நாள் முழுதும் நான் கண்ட காட்சிகள் எல்லாம் அந்தப் பைக்குள் துடிப்பதுபோல் இருந்தது. வாங்கிப் பறக்கவிட்டுவிடலாமா என்று கை சட்டைப் பைக்குப் போயிற்று. நண்பர் என் முழங்கையைப் பிடித்தார். "வாங்காதீர்கள், பாய். இன்று பன்னிரண்டுக்குப் பணம் கிடைத்தால், நாளை இருபத்துநான்குக்குக் கண்ணி வைப்பார்கள். சிறகு முறுக்கியதைப் பறக்கவிட்டாலும் எல்லாம் பிழைக்காது" என்றார்.

நான் அந்த மனிதரிடம் வளையத்தைக் காட்டினேன். அது என்ன, எங்கிருந்து வந்தது என்றெல்லாம் சொன்னேன். இது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று நண்பர் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வறுமை அவர் சட்டையிலும் தெரிந்தது, கன்னத்திலும் தெரிந்தது. கடைசியில், "நீங்க வாங்காட்டி வேற பாய் வாங்குவாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நண்பர் வனத்துறைச் சாவடிக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். நான் ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வாசகர்களே! அந்த மனிதர் சொன்ன "வேற பாய்" யார்? இக்கட்டுரையை நான் எழுதுவதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

இப்பறவையை உண்பது மார்க்கத்தில் ஆகுமானதா என்று சிலர் கேட்கலாம். அதை ஆலிம் பெருமக்கள் சொல்லட்டும். என் கேள்வி வேறு. தன் குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு தாய்ப்பறவையைக் கண்டு, அதைத் துயருறச் செய்தவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். ஆகுமான ஆடும் கோழியும் மீனும் நமக்குக் குறைவின்றி இருக்க, ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த, ஒரு கவளத்துக்கும் போதாத இருபத்தைந்து கிராம் உயிரை ஏன் தேட வேண்டும்?

சட்டம் கண்ணி வைப்பவரின் கையைத்தான் எளிதில் பிடிக்கிறது. சட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அது வந்து சேர்வது அரிது. ஆனால் கண்ணியை விரிப்பது அந்தச் சட்டிதான். வாங்க ஆளில்லாத பொருளைச் சுமந்துகொண்டு எந்த ஏழையும் வெயிலில் அலையமாட்டான். வளைமூக்கு உள்ளானின் எண்ணிக்கை உலகெங்கும் குறைந்துவிட்டதால், 2024ஆம் ஆண்டில் அது அழியும் ஆபத்துள்ள பறவைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. சதுப்பு நிலங்கள் அழிவதும், தட்பவெப்பம் மாறுவதும், வேட்டையும் அதற்குக் காரணங்கள். சைபீரியப் பனியை நாம் காக்க முடியாது. நம் அடுப்பங்கரையை நம்மால் காக்க முடியும்.

தமிழில் "விருந்து" என்ற சொல்லுக்குப் புதிதாய் வருபவர் என்றும் பொருள். அவருக்குப் படைக்கும் உணவு என்றும் பொருள். விருந்தாய் வந்தவரைப் பேணுவதில் நம் ஊர்களுக்கு நல்ல பெயர் உண்டு. ஐப்பசியில் நம் கரைக்கு வந்து, பங்குனி சித்திரையில் விடைபெற்றுப் போகும் இந்த விருந்தினருக்கும் அந்தப் பெயர் பொய்யாகாதிருக்கட்டும்.

ஊர் திரும்பிய மறுநாள், நண்பரும் நானும் சேர்ந்து அந்தச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். தெரிகின்ற எண்களை எழுதி, தேய்ந்துபோன இரண்டு இடங்களில் புள்ளி வைத்தோம். "1982, ஐப்பசி. சமையலுக்கு வாங்கப்பட்டது" என்று மறைக்காமல் எழுதினேன். அந்த இரண்டு புள்ளிகள் காரணமாக எங்கள் கடிதம் எந்தப் பறவைக்கும் பொருந்தாமல் போகலாம். எனினும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தேனும் பதில் எழுதினோம் என்ற நிறைவு எனக்கு உண்டு.

உங்கள் வீட்டிலும் மூத்தவர்களின் பெட்டிகளில் இப்படி ஒரு வளையம் கிடக்கலாம். தேடிப் பாருங்கள். கிடைத்தால் எறிந்துவிடாமல், எண்ணைக் குறித்து அனுப்புங்கள். அடுத்த ஐப்பசியில் உங்கள் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்று, திரைச்சீலைக்கு அப்பாலிருந்து "உள்ளான் வேணுமா?" என்று ஒரு குரல் கேட்டால், "இந்த வீட்டில் வேண்டாம், இந்தத் தெருவிலேயே வேண்டாம்" என்று உங்கள் வீட்டுப் பெண்மக்கள் சொல்லட்டும். அந்த ஒரு சொல் சைபீரியா வரை கேட்கும்.

வல்ல இறைவன் எங்கள் உம்மாவின் மண்ணறையை ஒளியாக்கி வைப்பானாக! அறியாமல் செய்தவற்றை நம் அனைவருக்கும் மன்னித்து, அறிந்தபின் திருந்தும் நற்பேற்றை நல்குவானாக! ஆமீன்.